இரண்டாம் வகுப்புக்கு 48 நிமிடம்

இரண்டாம் வகுப்பை முடிக்கும் குழந்தை, தான் முன்னர் பார்த்திராத ஒரு பத்தியை நிமிடத்திற்கு 45 முதல் 60 சொற்கள் என்ற வேகத்தில் பிழையின்றி, பொருளுணர்ந்து படிக்க வேண்டும். 999 வரையிலான எண்களை வாசிக்கவும் எழுதவும் வேண்டும். 2021 ஜூலை 5 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய 'நிபுண் பாரத்' இயக்கம் வகுத்துள்ள இலக்கு இது. 2026-27 கல்வியாண்டுக்குள் நாட்டின் ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் எழுத்தும் எண்ணும் கைவந்திருக்க வேண்டும் என்பது அவ்வியக்கத்தின் ஒட்டுமொத்தக் குறிக்கோள்.

இந்த இலக்கில் குறைகூற ஒன்றுமில்லை. ஏழு வயதில் தன் பிள்ளை ஒரு பக்கத்தைத் தட்டுத்தடுமாறாமல் படிப்பதைக் கேட்க விவசாயத் தொழிலாளியின் குடும்பம் எவ்வளவு ஏங்குகிறது என்பது, கிராமங்களில் இயங்கும் தோழர்கள் அனைவருக்கும் தெரியும். கேட்க வேண்டிய கேள்வி வேறு. நிமிடத்திற்கு 45 சொற்கள் என்று குழந்தைக்கு அளவு வைக்கும் அரசு, அதைக் கற்றுக்கொள்ள அக்குழந்தைக்கு நாளொன்றுக்கு எத்தனை நிமிடங்களைத் தருகிறது?

கணக்குப் போட்டுப் பார்ப்பது கடினமன்று. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலைநாள்களும் 800 மணி நேரக் கற்பித்தலும் இருக்க வேண்டும் என்று விதிக்கிறது. நாளொன்றுக்கு 4 மணி நேரம், அதாவது 240 நிமிடம். பள்ளியில் ஆசிரியர் ஒருவர்தான் என்றால் அதை ஐந்து வகுப்புகளுக்கும் பங்கிட வேண்டும். இரண்டாம் வகுப்புக்குக் கிடைப்பது 48 நிமிடம். அதை மொழிக்கும் கணக்குக்கும் பிரித்தால் ஆளுக்குப் பாதியாக 24 நிமிடம்.

ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் 'யுடைஸ்' புள்ளிவிவரப்படி 2024-25ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,04,125 ஓராசிரியர் பள்ளிகள் இருந்தன. அவற்றில் 33 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் படித்தனர். ஒரு பள்ளிக்குச் சராசரியாக 32 குழந்தைகள். ஐந்து வகுப்புகளுக்குப் பகிர்ந்தால் வகுப்புக்கு ஆறு அல்லது ஏழு பேர். 24 நிமிடத்தை அவர்களுக்குப் பிரித்தால் ஒரு குழந்தை படிப்பதை ஆசிரியர் அருகில் அமர்ந்து கேட்கக் கூடிய நேரம் நான்கு நிமிடத்தைத் தாண்டாது. குழந்தைகள் கூட்டாகவும் கற்கிறார்கள், ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கிறார்கள் என்பது உண்மையே. ஆனால் வாசிப்பின் தொடக்கக் காலத்தில், எந்த எழுத்தில் பிள்ளை தடுக்கி விழுகிறது என்பதைக் கண்டறிய அருகில் அமர்ந்து கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. அதற்குத்தான் அந்த நான்கு நிமிடம். அதுவும், எந்த இடையூறும் இல்லாத ஒரு நாளில்.

இடையூறு இல்லாத நாள் என்று ஒன்று அப்பள்ளிகளில் அரிது. ஆசிரியர் வந்ததும் முதல் வேலை கைப்பேசியில் வருகைப் பதிவு. 'சிக்னல்' கிடைக்காத ஊர்களில் அதற்காகவே மேட்டில் ஏறி நிற்க வேண்டும். பிறகு மதிய உணவுக்கான அரிசியை அளந்து கொடுத்து, கணக்கு எழுத வேண்டும். கரும்பலகையைச் சாக்பீஸால் கோடு கிழித்து மூன்றாகப் பிரித்து, நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு எழுதிப் போட்டுவிட்டு மூன்றாம் வகுப்பின் பக்கம் திரும்புவதற்குள் ஒன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை அழத் தொடங்கியிருக்கும். இரண்டாம் வகுப்பு அந்த ஒன்றாம் வகுப்போடு ஒரே பாயில் உட்கார வைக்கப்பட்டிருக்கும். சின்னவர்கள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஐந்தாம் வகுப்பின் ஒரு பெண் குழந்தைக்கு. அவள் படிப்பு அன்று அவ்வளவுதான். வட்டாரத் தலைமையிடத்தில் ஆசிரியர் கூட்டம் என்றால் பள்ளியையே பூட்ட வேண்டியதுதான். கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஆசிரியர்களைக் கல்வி சாராப் பணிகளுக்கு அனுப்பக் கூடாது என்கிறது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் நிவாரணம் ஆகிய மூன்றுக்கும் விலக்கு அளிக்கிறது. பத்து ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் இந்த விலக்கு ஒரு சிறு தொல்லை. ஓராசிரியர் பள்ளியில் அது பள்ளியையே மூடுவதாகும்.

இத்தகைய வகுப்பறையில் படிப்பு என்பது பெரும்பாலும் கூட்டாக ஒப்புவித்தலாகவே நடக்கிறது. ஆசிரியரோ மூத்த மாணவரோ ஒரு வரியைச் சொல்ல, எல்லாரும் உரத்த குரலில் திருப்பிச் சொல்வார்கள். பத்து நாளில் அந்தப் பக்கம் முழுவதும் மனப்பாடமாகிவிடும். வெளியிலிருந்து வந்து கேட்பவருக்குப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றே தோன்றும். அருகில் சென்று பார்த்தால் விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் மற்றொரு வரியில் இருக்கும். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு 'படிக்கும்' பிள்ளையும் உண்டு. அதே பக்கத்திலுள்ள ஒரு சொல்லைத் தனியே எழுதிக் காட்டினால் பேச்சு நின்றுவிடும். ஆசிரியரைக் குறைசொல்ல இதில் எதுவுமில்லை. ஐந்து வகுப்புகளை ஒரே நேரத்தில் அமைதியாக வைத்திருக்க ஒரு மனிதருக்குக் கிடைக்கும் ஒரே கருவி அந்தக் கூட்டுக் குரல்தான்.

இதற்கு மேல் மொழியின் சுமை வேறு. ஜார்க்கண்டில் மட்டும் ஓராசிரியர் பள்ளிகள் ஒன்பதாயிரத்துக்கும் மேல். அம்மாநிலத்தின் மேற்கு சிங்பூம் மாவட்டத்தில் பெரும்பான்மையோர் ஹோ பழங்குடி மக்கள். 2011 கணக்கெடுப்பின்படி ஹோ மொழி பேசுவோர் 14 லட்சம் பேர். அந்த மொழி எட்டாவது அட்டவணையில் இன்றுவரை இடம்பெறவில்லை. அங்கே இரண்டாம் வகுப்பில் அமரும் பிள்ளைக்கு வீட்டில் தண்ணீர் 'தாஅ'; புத்தகத்தில் 'பானி'. எழுத்தைக் கூட்டிப் 'பானி' என்று அது படித்துவிட்டாலும், படித்த சொல்லுக்கு மனத்தில் எந்த உருவமும் எழுவதில்லை. தமிழ்க் குழந்தை 'ப', 'டு' என்று எழுத்துக் கூட்டும்போது, பாதி வழியிலேயே 'படு' என்ற சொல் காதில் விழுந்து மீதியை எடுத்துக் கொடுக்கிறது. ஹோ குழந்தைக்கு அந்தக் கை கிடைப்பதில்லை.

தமிழர் எளிதில் உணரக்கூடிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 'நாம்' என்றால் கேட்பவரும் உட்பட. 'நாங்கள்' என்றால் கேட்பவர் நீங்கலாக. முன்னதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பர் இலக்கணிகள். இந்தியில் இந்த வேறுபாடு இல்லை, எல்லாம் 'ஹம்'. ஹோ மொழியிலோ வேறுபாடு இருப்பதோடு, தமிழில் இல்லாத இருமையும் உண்டு. நீயும் நானும் என்றால் 'அலங்'. நானும் இன்னொருவரும், நீ இல்லை என்றால் 'அலிங்'. நாம் எல்லாரும் 'அபு'. உன்னை விட்டு நாங்கள் எல்லாரும் 'அலே'. பள்ளிக்கு வருமுன்பே இந்த நான்கையும் பிழையின்றிப் பேசும் அறிவு அந்தப் பிள்ளைக்கு இருக்கிறது. 'ஹம்' என்ற ஒற்றைச் சொல்லைப் பார்த்து அது தயங்கி நிற்கும்போது, 'சொல்வளம் போதாது' என்று பதிவேட்டில் எழுதப்படுகிறது.

கணக்கிலும் இதுவே நிலை. ஹோ மக்களின் மரபான எண்முறை இருபதுகளால் ஆனது: இருபது 'ஹிசி', நாற்பது 'பர் ஹிசி', அதாவது இரண்டு இருபது. இந்தியிலோ நூறு வரை கிட்டத்தட்ட ஒவ்வோர் எண்ணின் பெயரையும் தனித்தனியே நெட்டுருப் போட வேண்டும். தமிழில் முப்பதும் ஒன்பதும் தெரிந்த பிள்ளைக்கு முப்பத்தொன்பது தானே வந்துவிடும். இந்தியில் முப்பது 'தீஸ்', ஒன்பது 'நௌ', முப்பத்தொன்பதோ 'உன்தாலீஸ்'. இந்தி வீட்டுமொழியான பிள்ளைகளே தடுமாறும் இடம் இது. 999 வரை எண்களைப் படிக்க வேண்டும் என்ற இலக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுதான்; ஏற வேண்டிய மலை ஒன்றல்ல.

சொற்களை எண்ணும் அளவுகோலே எல்லா மொழிக்கும் ஒன்றாக இருக்க முடியாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 'அம்மா வீட்டிலிருந்து வரவில்லை' என்பது தமிழில் மூன்று சொற்கள். 'மா கர் ஸே நஹீ ஆயீ' என்ற இந்தித் தொடரில் ஐந்து. வேற்றுமை உருபும் எதிர்மறையும் தமிழில் சொல்லோடு ஒட்டிக்கொள்கின்றன. இந்தியில் தனித்து நிற்கின்றன. நிமிடத்திற்கு இத்தனை சொற்கள் என்று பொதுவாக ஓர் எண்ணை அறிவித்தால், ஒரே பொருளை ஒரே நேரத்தில் படித்த இரு பிள்ளைகளில் ஒருவர் வேகமானவர், மற்றவர் மெதுவானவர் ஆகிவிடுவர். என்சிஇஆர்டி 2022இல் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளிடம் 20 மொழிகளில் நடத்திய ஆய்வில் மொழிக்கு மொழி தனி அளவுகோல் வைக்கப்பட்டது. வல்லுநர்களுக்கு இந்தச் சிக்கல் தெரிந்தே இருக்கிறது. அந்த 20 மொழிகளில் ஒன்றும் வீட்டுமொழியாக இல்லாத பிள்ளையை எந்தக் கோலால் அளப்பது என்பதற்குத்தான் விடையில்லை.

வழி தெரியாமல் இந்நிலை நீடிக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. 1956ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தத்தின் மூலம் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க ஏற்பாடு செய்யும்படி மாநிலங்களைப் பணிக்கிறது. மும்பை மாநகராட்சி எட்டு மொழி வழியில் பள்ளிகள் நடத்துவதும், அவற்றுள் தமிழ் இருப்பதும் இந்த நெறியின் வழிப்பட்டவையே. அங்கே தமிழ்க் குழந்தைக்கு நியாயமான உரிமை, சாய்பாசாவைச் சுற்றியுள்ள ஊர்களின் ஹோ குழந்தைக்கும் நியாயம்தான். ஒடிசா 2006-07இல் 10 பழங்குடி மொழிகளில் தாய்மொழி வழித் தொடக்கக் கல்வியைத் தொடங்கிப் பின்னர் 21 மொழிகளுக்கு விரித்தது. ஜார்க்கண்டிலும் 'பலாஷ்' என்னும் திட்டம் ஹோ, முண்டாரி, சந்தாலி, குருக், காடியா ஆகிய ஐந்து மொழிகளில் குறிப்பிட்ட பள்ளிகளில் நடக்கிறது. ஆயிரக்கணக்கான பள்ளிகள் அதற்கு வெளியே இருக்கின்றன. 'பாரா டீச்சர்' என்ற பெயரில் நெடுங்காலம் சொற்பத் தொகைக்கு உழைத்த ஒப்பந்த ஆசிரியர்களுள் அதே மண்ணைச் சேர்ந்தவர்கள், பிள்ளையின் மொழி தெரிந்தவர்கள் ஏராளம். பாடத்தைப் பிள்ளையின் மொழியில் விளக்கிவிடுகிறார்கள். ஆனால் புத்தகமும் தேர்வும் இந்தியில்தான்.

இனி மதியச் சாப்பாடு. அதைப் பற்றி இவ்விதழில் பலமுறை எழுதியாகிவிட்டது என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. தொடக்க வகுப்புக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் தானியம், 450 கலோரி, 12 கிராம் புரதம் என்பது விதி. தானியம் நீங்கலாகப் பருப்பு, காய், எண்ணெய், விறகு, எல்லாவற்றுக்கும் 2025 மே 1 முதல் ஒரு குழந்தைக்கு ஒதுக்கப்படும் தொகை 6 ரூபாய் 78 காசு. சந்தையில் ஒரு முட்டை வாங்கினாலே இதில் மிச்சமாவது ஒன்றுமில்லை. சமைக்கும் பெண்ணுக்கு ஒன்றிய அரசின் கணக்குப்படி மாதம் 1,000 ரூபாய். அதுவும் ஆண்டுக்குப் பத்து மாதம். 2009இல் வைத்த தொகை அது. சில மாநிலங்கள் தம் பங்கைக் கூட்டிக் கொடுத்தாலும் ஒன்றிய அரசின் விகிதம் அசையவில்லை. காலையில் வெறும் வயிற்றோடு வரும் இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் கண், பதினோரு மணிக்கு மேல் புத்தகத்தில் இருப்பதில்லை, சமையலறைப் புகையில் இருக்கிறது.

இவற்றின் கூட்டு விளைவுதான் ஆண்டுதோறும் தலைப்புச் செய்தியாகிறது. 2024ஆம் ஆண்டின் 'ஏசர்' அறிக்கையின்படி கிராமப்புற அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பில் பயில்வோரில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கக் கூடியவர்கள் 23.4 விழுக்காடு. 2022இல் இது 16.3ஆக இருந்தது; 2018இல் 20.9. பெருந்தொற்றுக் காலச் சரிவிலிருந்து அரசுப் பள்ளிகள் மீண்டு முன்னேறியிருக்கின்றன என்பதை மறைக்கத் தேவையில்லை. அது ஆசிரியர்களின் உழைப்பு. ஆயினும் நால்வரில் மூவர் படிக்கவில்லை. உடனே எழுவது 'தனியார் பள்ளியைப் பாருங்கள்' என்ற குரல். தனியார் பள்ளிகளிலும் அதே சோதனையில் தேறுவோர் ஏறத்தாழ மூவரில் ஒருவர்தான். அதுவும் கட்டணம் செலுத்தக் கூடிய வீட்டுப் பிள்ளைகளிடையே.

அரசு எடுத்த நடவடிக்கை என்ன? கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் வேண்டும். ஆகவே ஓராசிரியர் தொடக்கப் பள்ளி ஒவ்வொன்றும் சட்டமீறல். 2010 ஏப்ரல் 1 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து மீறுபவர் அரசு. இரண்டாவது ஆசிரியரை நியமிப்பதற்கு மாறாக, பள்ளியையே இல்லாமல் ஆக்குவது எளிதென்று கண்டுகொண்டார்கள். 2017இல் நிதி ஆயோக் ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம், ஒடிசா ஆகிய மூன்று மாநிலங்களில் தொடங்கிய 'சாத்-இ' திட்டம் பல்லாயிரம் சிறிய பள்ளிகளை 'இணைத்தது'. 2025 ஜூனில் உத்தரப் பிரதேச அரசு 50க்கும் குறைவான மாணவர் உள்ள பள்ளிகளை அருகிலுள்ள பள்ளிகளோடு சேர்க்க ஆணையிட்டது. கோப்பில் அது இணைப்பு. ஏழு வயதுப் பிள்ளைக்கு அது ரயில் பாதையையோ ஓடையையோ நெடுஞ்சாலையையோ தாண்டிய நடை. தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று விதி வகுத்தவர்கள் வகுப்பறைக் கணக்கைப் பார்த்த கண்ணால் வழியைப் பார்க்கவில்லை.

மற்றொரு நடவடிக்கை, தேர்ச்சியின்மை. 2019இல் திருத்தப்பட்ட சட்டம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேறாதவர்களை நிறுத்தி வைக்க மாநிலங்களுக்கு இடம் கொடுத்தது. பல மாநிலங்கள் ஏற்றுக்கொண்டன. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் நிர்வாகத்திலுள்ள பள்ளிகளுக்கும் அதற்கான விதியை அறிவித்தது. மூன்றாம் வகுப்புப் புத்தகம் எழுத்தறிவைக் கற்றுக் கொடுப்பதில்லை. படிக்கத் தெரியும் என்று எடுத்துக்கொண்டே தொடங்குகிறது. இரண்டாம் வகுப்பில் நான்கு நிமிடம் மட்டும் கிடைத்த குழந்தை மூன்றிலும் நான்கிலும் பாடத்தைக் காதால் மட்டும் கேட்டு, ஐந்தில் வந்து நிற்கிறது. பத்து வயதில் அதன் கையில் 'தேர்ச்சி பெறவில்லை' என்ற தாள். ஆசிரியரைத் தராத அரசுக்கு எந்தத் தாளும் இல்லை. அந்தத் தாளோடு வீடு திரும்பும் பெண் குழந்தை தம்பியைத் தூக்கிக்கொள்ளும், பையன் ஆடு மேய்க்கவோ செங்கற்சூளைக்கோ போவான்.

உள்நாட்டு உற்பத்தியில் 6 விழுக்காடு கல்விக்கு என்று 1966இல் கோத்தாரி குழு சொன்னது. 2020ஆம் ஆண்டின் தேசிய கல்விக் கொள்கையும் அதே எண்ணை எழுதி வைத்திருக்கிறது. இயக்கமும் அதைத்தான் கேட்கிறது, கேட்டுக்கொண்டேயிருக்கிறது. மாநாடு தோறும் கல்வித் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறுகிறது. ஆனால் அத்தீர்மானத்துக்குக் கைதூக்கும் தோழர்களில் எத்தனை பேரின் பிள்ளைகள் அரசுப் பள்ளியின் இரண்டாம் வகுப்பில் இருக்கிறார்கள் என்று கேட்டால் அவையில் சங்கடமான அமைதி நிலவும். எல்லாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நோக்கமன்று. ஆங்கில வழிக்கான அச்சம் தொழிலாளியின் வீட்டில் உண்மையான அச்சம். ஆனால் தம் பிள்ளை அங்கே இல்லாதவர், அந்த வகுப்பில் என்ன நடக்கிறது என்பதை எட்டியும் பார்ப்பதில்லை. ஒன்றியச் செயலாளருக்குத் தம் பகுதியின் ரேஷன் கடைகளில் எத்தனை மூட்டை அரிசி வந்தது என்பது தெரிந்திருக்கிறது. எத்தனை பள்ளிகள் ஒற்றை ஆசிரியரோடு நடக்கின்றன என்பது தெரிவதில்லை.

தெரிந்துகொள்ளச் சட்டமே வாசல் வைத்திருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். நடைமுறையில் பல ஊர்களில் அது கையெழுத்து வாங்கும் குழுவாகச் சுருங்கிவிட்டது. சில இடங்களில் ஆர்எஸ்எஸ் சார்ந்தவர்கள் அதன் மதிப்பை நம்மைவிட முன்னதாகவே உணர்ந்து உள்ளே அமர்ந்திருக்கிறார்கள். விவசாயத் தொழிலாளர் சங்கத்திலும் மாதர் அமைப்பிலும் இருக்கும் பெற்றோர்கள், குறிப்பாகத் தாய்மார்கள், அந்தக் குழுவில் உட்கார வேண்டும். 'இரண்டாம் வகுப்புக்கு இந்த வாரம் எத்தனை நாள் பாடம் நடந்தது' என்று கேட்க எழுத்தறிவு தேவையில்லை.

22ஆம் பிரிவின்படி அக்குழு பள்ளி வளர்ச்சித் திட்டம் ஒன்றைத் தயாரிக்க வேண்டும். அரசின் மானியம் அதன் அடிப்படையிலேயே அமைய வேண்டும் என்கிறது சட்டம். நிதியாண்டு முடிவதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே அது தயாராக வேண்டும் என்கின்றன மாதிரி விதிகள். அதாவது டிசம்பர் முடிவதற்குள். வகுப்புவாரியாகக் குழந்தைகளின் எண்ணிக்கை, கட்டட வசதி, செலவு ஆகியவற்றோடு, கூடுதலாகத் தேவைப்படும் ஆசிரியர் எண்ணிக்கையையும் அதில் எழுத வேண்டும். ஓராசிரியர் பள்ளியில் அந்த இடத்தில் 'ஒருவர்' என்று எழுதி, தாய்மார்கள் கையொப்பமோ கைநாட்டோ வைத்து, ஒரு படியை வட்டாரக் கல்வி அலுவலகத்திலும் ஒரு படியை ஊராட்சியிலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளையின் வீட்டுமொழி தெரிந்தவர் வேண்டும் என்பதையும் அதே வரியில் சேர்க்கலாம்.